அயர்லாந்துக்கு ஆனியிலா மார்கழியிலா

அயர்லாந்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு நெடுந்தீவில் வைத்துத்தான் வந்தது.

நானும் மனைவியும் கலியாணம் முடித்து, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கரம்பொன்னில் குடியிருக்கத் தொடங்கிய புதிது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கு அப்போது ஓர் அயர்லாந்துக்காரச் சுவாமியார் பொறுப்பாக இருந்தார். இளவயதிலேயே கப்பலேறி வந்தவர். மீன்பிடிக்கிற ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்ததால் அவருடைய பிரசங்கத்தில் வலையும் வள்ளமும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றும் வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரர் என்று ஆரம்பத்தில் ஒதுங்கி நின்ற கிழவிகள்கூடப் பிறகு அவரிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல வரிசையில் நின்றார்கள்.

நான் தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் சரித்திரம் படிப்பித்தேன். மனைவி பெண்கள் பாடசாலையில் செடி கொடி, பறவை, பிராணி என்று படிப்பித்தாள். லீவு நாளில் நான் அவளை ஒல்லாந்தர் காலத்து இடிந்த சுவர்களைப் பார்க்கக் கூட்டிப்போவேன். அவள் என்னை வேலணைக் கரையில் பூநாரை பார்க்க இழுத்துக்கொண்டு போவாள். ஒருவருடைய பைத்தியம் மற்றவருக்குத் தொற்றவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டோம்.

நெடுந்தீவுக் கோயில் ஒன்றின் திருநாளுக்குப் பூசை வைக்கச் சுவாமியார் போனபோது எங்களையும் வரச் சொன்னார். ஊர்காவற்றுறையில் இருந்து மோட்டார் படகில் போனோம். பூசை முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு, குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே வெட்டைவெளியில் தம்பாட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். மூன்று பேரும் நடந்தோம். நெடுந்தீவில் எங்களூரைப் போலத் தென்னோலை பின்னிய கிடுகுவேலி இல்லை. கடற்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சாந்து பூசாமல், இடுப்பளவுக்குக் கட்டிய கல்வேலிகள்தான் வளவுக்கு வளவு ஓடும்.

சுவாமியார் ஒரு கல்வேலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். நாங்கள் கொஞ்சத் தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்றக் கை கல்லின் மேல் இருந்தது. வெயில் தாங்க முடியவில்லையாக்கும் என்று நினைத்து நான் ஓடிப்போனேன்.

"இது எங்கட அப்பா கட்டின வேலி மாதிரிக் கிடக்கு" என்றார்.

அவர் பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோல்வே விரிகுடாவின் வாயில் கிடக்கும் மூன்று தீவுகளில் ஒன்றில். அங்கேயும் மரம் குறைவாம். தோட்டத்தைச் சுற்றி இதே மாதிரிச் சாந்து இல்லாத கல்வேலியாம். காற்று கல் இடுக்குகளால் போய்விடுவதால் வேலி விழாதாம். தீவுக்கு எதிர்க்கரையில் குள்ளக் குதிரைகளும் உண்டாம். இவ்வளவு காலமும் இங்கே இருந்தும் நெடுந்தீவின் இந்தப் பக்கத்துக்கு அவர் வந்ததில்லை. ஊர்காவற்றுறையில் இறங்கும்போது சொன்னார்:

"நீங்கள் எனக்கு என்ரை ஊரைக் காட்டிப்போட்டியள். நான் உங்களுக்கு அதைக் காட்ட வேணும். வாற லீவுக்கு என்னோடை வாங்கோ."

அவர் சும்மா சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மாலை தேத்தண்ணிக்கு வந்தபோது ஒரு பெரிய பூமிசாத்திரப் படப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் விரித்துவைத்து, நாங்கள் எங்கே இறங்க வேண்டும், எங்கே ரயில் ஏற வேண்டும் என்று விரலால் காட்டினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே எங்கள் வேலையாகிவிட்டது.

எனக்கு அவர் தன் தீவில் கடற்பாறையின் விளிம்பில் நிற்கும் பழைய கோட்டையைப் பற்றிச் சொன்னார். அதைக் கட்டியவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாதாம். கோட்டையின் ஒரு பக்கத்தில் மதிலே இல்லை, நேரே கடல்தான் என்றார். அந்தப் பக்கம் மதில் இருந்து கடலில் விழுந்ததா, அல்லது முதலிலேயே கட்டவில்லையா என்று நான் கேட்டேன். தன் தகப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும் இந்தக் கேள்வியால் ஒரு காலத்தில் கதைபேச்சில்லாமல் இருந்தவர்கள் என்று சிரித்தார்.

மனைவிக்குப் பறவைகள் வேண்டும். மோஹர் என்ற இடத்துச் செங்குத்துப் பாறைகளில் பஃபின் என்றொரு பறவை கூடு கட்டும் என்று அவர் சொன்னார். தாரா வாத்திலும் சிறியது, நிற்பது மனிதரைப் போல நிமிர்ந்து. சொண்டு எப்படி இருக்கும் என்று கேட்டாள். சுவாமியார் யோசித்தார். எங்கள் கோயில் முற்றத்தில் நாட்டுக்கூத்து ஆடும்போது கோமாளிக்கு மூக்கில் சிவப்பும் மஞ்சளும் பூசுவார்களே, அப்படி என்றார். அவளுக்கு அது போதும். அன்றைக்கே பஃபினுக்காகவே அயர்லாந்து என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்த முதல் லீவுக்கு நாங்கள் போயிருப்போம். கப்பல் விபரம் எல்லாம் கொழும்பில் விசாரித்து வைத்திருந்தோம். அதற்குள் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. முதல் பிள்ளை கலைந்த வீடு எங்களுடையது. படகு ஏறவே வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சுவாமியார் தனியே போய்த் தனியே வந்தார். வரும்போது தன் செபப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே காயவைத்த நீலப் பூவொன்றை மனைவிக்குக் கொண்டுவந்தார். சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் வைகாசி மாதத்தில் பூப்பதாம். காய்ந்த பிறகும் நீலம் மங்காமல் இருந்தது. பிறந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவ நடக்கத் தொடங்கட்டும். நாலு பேருமாப் போவம்" என்றார்.

மகள் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். அதற்குள் நாட்டில் அந்நியச் செலாவணிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வெளிநாடு போவதற்கு அனுமதி எடுப்பதே பெரும்பாடு. எடுத்தாலும் செலவுக்குக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். வாத்தியார் குடும்பம் ஒன்று பறவை பார்க்கப் போகிறது என்று எந்த அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொல்வது?

போக முடியாது என்று தெரிந்த பிறகுதான் திட்டம் இன்னும் பெருத்தது. இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. போகக்கூடிய காலத்தில் ஒரு கிழமைப் பயணம்தான் போட்டிருந்தோம். கதவு மூடிய பிறகு அது ஒரு மாதப் பயணமாகிவிட்டது. எந்த ஊரில் எத்தனை இரவு, மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது, எந்தப் பாதையில் சைக்கிளில் போகலாம் என்றெல்லாம் பேசினோம். மனைவி சைக்கிள் ஓடத் தெரியாதவள். அதற்காக மண்கும்பான் கடற்கரை றோட்டில் விழுந்து விழுந்து பழகினாள். சீலை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. ஊர் சிரித்தது. அவள் விடவில்லை.

அடுத்த முறை சுவாமியார் ஊருக்குப் போய்த் திரும்பியபோதுதான் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது. கிழக்குப் பக்கத்தில் நியூகிரேஞ் என்ற இடத்தில், எகிப்தின் கூம்புகளுக்கும் முந்திய கல்லறை மேடு ஒன்றை ஆராய்ச்சிக்காரர் தோண்டிச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் உள்ளறை எந்நேரமும் கும்மிருட்டு. ஆனால் வருடத்தில் மிகக் குறுகிய பகல் வரும் அந்த நாட்களில் மட்டும், சூரியன் உதிக்கும்போது வாசலுக்கு மேலுள்ள துவாரத்தால் வெளிச்சம் நுழைந்து, நீண்ட வழி ஊர்ந்து, உள்ளறையைத் தொட்டுவிட்டுப் போகிறதாம். அதை அண்மையில்தான் கண்டுபிடித்தார்களாம். சுவாமியார் இதைச் சொன்ன அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் குறுகிய பகல் வருவது மார்கழியில். பஃபின் கரையில் இருப்பதோ சித்திரையில் இருந்து ஆடி நடுப்பகுதி வரைக்கும்தான். பிறகு நடுக்கடலுக்குப் போய்விடும். ஆக, என்னுடைய அயர்லாந்து மார்கழியில் இருந்தது. அவளுடைய அயர்லாந்து ஆனியில் இருந்தது.

"மார்கழியிலை அங்கை போய் என்னத்தைப் பாக்கிறது?" என்பாள். "ஒரு பூ இருக்காது, ஒரு குஞ்சு இருக்காது. நாலு மணிக்கே இருண்டு போமாம்."

"இஞ்சை பாரும், எழுத்தே தெரியாத சனம் சூரியனைக் கணக்குப் பாத்துக் கட்டின அறை. அதுக்குள்ளை நிண்டு அந்த வெளிச்சத்தைப் பாக்க வேண்டாமோ?" என்பேன் நான்.

"மழைக்கால முகிலுக்கை சூரியன் வருமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அவ்வளவு தூரம் போய் இருட்டையோ பாத்திட்டு வாறது?"

முகில் இருந்தால் வெளிச்சம் வராது என்பது உண்மைதான். சுவாமியாரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லி இரண்டு பேரும் கேட்போம். தான் பாவசங்கீர்த்தனத்தில் பாவம் கேட்கிற ஆளே தவிர வழக்குக் கேட்கிற ஆளில்லை என்று அவர் நழுவிவிடுவார். ஒருநாள் மட்டும், இரண்டு தரம் வாருங்களேன் என்றார். ஒரு தரமே போக முடியாத காலத்தில் அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்தோம். பல வருடங்கள் இந்தச் சண்டை நடந்தது. எங்கள் வீட்டில் நடந்த மிகச் சந்தோஷமான சண்டை அதுதான். உண்மையில் போக முடிந்திருந்தால் இரண்டு பேரில் யாரோ ஒருவர் எப்போதோ விட்டுக்கொடுத்திருப்போம்.

பிறகு சுவாமியாருக்கு இருதய வருத்தம் வந்தது. இந்த வெக்கையில் இனி வைத்திருக்க ஏலாது என்று அவருடைய சபையார் அவரை நாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணம் ரயில் நிலையத்துக்குத் தீவுப்பகுதியில் இருந்து பஸ் பிடித்து வந்த சனத்தால் மேடை நிறைந்திருந்தது. பலர் பெரிதாக அழுதார்கள். அவர் எங்களைக் கிட்டக் கூப்பிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஆனியோ மார்கழியோ, எனக்கு நடக்க ஏலுமான காலத்திலை வாங்கோ."

அரசாங்கம் மாறியது. கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இங்கிலாந்தில் வைத்தியராக இருந்த மனைவியின் தம்பி, அத்தானும் அக்காவும் வாருங்கள், பயண ரிக்கற் என் பொறுப்பு என்று எழுதினார். நான் மார்கழியை விட்டுக்கொடுத்தேன். அந்த வயதில், அவ்வளவு குளிரில் அவளை நடக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனி என்று முடிவாயிற்று. சுவாமியாருக்கு அறிவித்தோம். அவர் மகிழ்ந்துபோய், கம்பளிக் காலுறை கொண்டுவரும்படியும், அந்தக் காற்றுக்குக் குடையால் பயனில்லை என்றும் எழுதினார். தீவில் தன் சகோதரியின் மகன் வீட்டில் எங்களுக்கு அறை ஒழுங்கு செய்திருந்தார்.

பயணத்துக்குச் சில மாதங்கள் இருக்கையில் மகளுக்கு நாரந்தனையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வேலைக்கு வெளிநாடு போகும் நாள் நெருங்கியதால் கலியாணத்தைத் தள்ளிவைக்க வழியில்லை. நீங்கள் போய்வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். எந்தத் தாய் தகப்பன் அதைக் கேட்டு வெளிக்கிடுவார்கள்? பயணத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றினோம். சுவாமியார் தம்பதிகளுக்கு ஆசீர் அனுப்பியிருந்தார். அதுதான் அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம். பிறகு நாங்கள் எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை. வயதானவர், கை நடுங்கும், எழுதப் பஞ்சிப்படுகிறார் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

அடுத்த ஆனியில் போனோம். தம்பி வீட்டில் சில நாள் நின்று, கப்பலில் டப்ளினுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் நாட்டைக் குறுக்கறுத்துக் கோல்வே போனோம். ரயிலின் ஒரு பக்க யன்னலில் அவளும் மறுபக்க யன்னலில் நானும் இருந்தோம். ஏதாவது பறவை தெரிந்தால் அவள் என்னைக் கூப்பிடுவாள். இடிந்த கோபுரம் தெரிந்தால் நான் அவளைக் கூப்பிடுவேன். கூப்பிட்டுத் திரும்புவதற்குள் இரண்டும் போய்விடும். அப்படிச் சிரித்துக்கொண்டு போனதுதான் நாங்கள் உல்லாசப் பயணிகளாக இருந்த கடைசி நாள்.

சுவாமியார் இருந்த, வயதான குருக்கள் தங்கும் வீடு ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. அவர்களைப் பராமரிக்கும் கன்னியாஸ்திரி வாசலுக்கு வந்தா. நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் ஒரு கணம் எங்களையே பார்த்தபடி நின்றா. பிறகு உள்ளே கூட்டிப்போகாமல் அங்கேயே ஒரு மர வாங்கில் இருத்திவிட்டுச் சொன்னா. சுவாமியாருக்குப் போன குளிர்காலத்திலிருந்து நினைவு தவறிவிட்டதாம். ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. இங்கிலிஷும் விட்டுப்போய்விட்டது. அவருடைய தீவுப் பாஷை தெரிந்தவர்களைக் கொண்டுவந்து பேசவைத்தும் பார்த்தார்களாம். அதுவும் அவருக்கு விளங்கவில்லை. ஏதோ வாய்க்கு வந்தபடி உளறுகிறார் என்றுதான் இருந்தார்களாம். பொழுதுபடும் நேரத்தில் மட்டும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, பதில் இல்லாமல் அந்தரப்படுவாராம்.

அறையில் அவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். மிகவும் சுருங்கிப் போயிருந்தார். நான் கையைப் பிடித்தேன். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு தமிழில் கேட்டார்:

"வள்ளம் வந்திட்டுதோ?"

கன்னியாஸ்திரி என் முகத்தைப் பார்த்தா. இதுதான், இதையேதான் கேட்பார் என்றா. மனைவிதான் முழந்தாளில் இருந்து, அவருடைய காலடிப் போர்வையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னாள்.

"இன்னும் வரேல்லை சுவாமி. சோளகம் கூடவாக் கிடக்கு. காத்து விழத்தான் வள்ளம் எடுப்பினம்."

"ஓம். ஓம்" என்றார். கதிரையில் சாய்ந்தார். முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார். மாதக்கணக்கில் அந்த நேரத்தில் அவர் இப்படி அமைதியாக இருந்ததில்லை என்று கன்னியாஸ்திரி கண்ணைத் துடைத்தா.

எங்கள் திட்டத்தில் அடுத்த நாள் தீவுக்குப் படகு. நாங்கள் போகவில்லை. காலையில் அவரிடம் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். அவர் எங்களோடு பேசினார். எங்களை யாரென்று நினைத்துப் பேசினார் என்று தெரியாது. ஊர்காவற்றுறைச் சந்தையில் பாரை மீன் வந்ததா, கோயில் மணிக் கயிறு மாற்றியாயிற்றா, இன்னார் மகன் இன்னும் குடிக்கிறானா என்று கேட்டார். நெடுந்தீவுக்குப் போக வேண்டும், அங்கே ஒரு கல்வேலி பார்க்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். தன்னை அங்கே கூட்டிப்போகும்படி எங்களிடமே கேட்டார். தன் சொந்தத் தீவைப் பற்றி ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. நான் அதன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கோட்டையைப் பற்றிச் சொன்னேன். வடிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஒரு நாள் மத்தியானம், வெளியே போய் ஏதாவது பாருங்கள் என்று கன்னியாஸ்திரி எங்களை ஒரு காரில் ஏற்றி அனுப்பிவிட்டா. மேற்குக் கரையோரமாகப் போனோம். தூரத்தில் மூன்று தீவுகளும் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிந்தன. காரோட்டி வந்தவர் மோஹர் பாறைகளுக்குப் போவதானால் மற்றப் பக்கம் சுற்றிப்போக வேண்டும், திரும்பிவர இரவாகிவிடும் என்றார்.

"நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் சுவாமியோடை இருக்கிறன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"பொழுதுபடக் கேப்பார். நீங்கள் சொன்னால் அவருக்கு விளங்காது, நீங்கள் அழுதுபோடுவியள்" என்றாள்.

அது சரிதான். திரும்பிவிட்டோம்.

எங்களுக்குக் கிடைத்த மற்ற நாட்களும் அந்த அறையில்தான் போயின. மனைவி கன்னியாஸ்திரிக்குச் சில தமிழ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாள். "ஓம் சுவாமி", "வள்ளம் வரும்", "கொஞ்சம் குடியுங்கோ", "காத்து விழட்டும்." அந்த அம்மாவுக்கு ழகரம் வரவில்லை. வராவிட்டாலும் சுவாமியார் தலையாட்டினார். இன்னும் ஒரு கிழமை நின்று நன்றாகப் பழக்கிவிட்டுப் போவோம் என்று மனைவி கேட்டாள். எங்களை இங்கிலாந்தில் வைத்துப் பார்க்கத் தம்பி எடுத்த லீவு முடிந்துகொண்டிருந்தது, எங்கள் திரும்பும் ரிக்கற்றை மாற்றுவதும் சுலபமில்லை. புறப்பட்டுவிட்டோம். விடைபெறும்போது அவருக்கு அது விடைபெறுதல் என்று தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் அயர்லாந்து எப்படி என்று விசாரித்தார்கள். மனைவியின் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பயணத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். என்ன பேசுவது? நாங்கள் பார்த்தது ஒரு யன்னல், அதற்கு வெளியே ஒரு புல்வெளி, சில மாடுகள், நிற்காத தூறல். புத்தகத்தில் இருந்த படங்களைக் காட்டிப் பேசிவிட்டு வந்தாள். பார்க்காத பஃபினைப் பார்த்ததுபோல் சொல்ல மனம் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் சுவாமியார் காலமான செய்தி வந்தது. கடைசி நாட்களில் அவர் கேட்டபோதெல்லாம் தான் பதில் சொன்னதாகவும், சரியான பதிலைச் சொன்னேனா என்பதுதான் தெரியவில்லை என்றும் கன்னியாஸ்திரி எழுதியிருந்தா. கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தோம். தீவுப்பகுதி முழுவதிலும் இருந்து சனம் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது எனக்கு மார்கழியும் ஆனியும் ஒன்றும் மனதில் இல்லை. மகள் குழந்தையாக அவர் மடியில் இருந்த அந்த வருடமே, எப்படியாவது, கடன்பட்டாவது போயிருக்கலாம் என்றுதான் இருந்தது. அவர் முன்னே நடக்க, நாங்கள் பின்னே நடந்திருப்போம். இது எங்கட வளவு, இது நான் விழுந்த கிணறு என்று காட்டியிருப்பார். கோட்டையும் பாறையும் அங்கேயேதான் நிற்கின்றன. காட்டுவதற்கு அவர் இல்லை.

வீட்டுப் படலையைத் திறக்கும்போது மனைவி, "இன்னும் ஒரு கிழமை அங்கை நிண்டிருக்கலாம்" என்றாள்.

"ஓம்" என்றேன்.